காலி மேடையில் இருபது கிலோ

எர்ணாவூர் எடைமேடையில் எனக்குப் பகல் ஷிஃப்ட்.
லாரி ஏறும், எண் ஏறும், சீட்டு வரும்.
லாரி இறங்கிய பிறகு
மேடை பூஜ்யம் காட்ட வேண்டும்.
காட்டும்,
பதினொன்றரை வரைக்கும்.

அப்புறம் ஒரு நேரம் வரும்.
யாரும் நிற்காத இரும்புத் தகட்டில்
பத்து, இருபது, மறுபடி பூஜ்யம்,
மறுபடி இருபது.
மெக்கானிக் வரதன் மூன்று தடவை வந்து குனிந்து பார்த்தார்.
"மெஷின்ல ஒண்ணும் இல்ல மேடம், காத்து" என்றார்.
அதற்கு நூற்றைம்பது ரூபாய்.

அப்போது நான் சுகந்திக்கு ஃபோன் போடுவேன்.
"திரும்பிடுச்சு. ஜன்னலைச் சாத்து."

தங்கை வாழ்க்கைப்பட்டது மாத்தூரில்,
நான் கடலோரம்.
நடுவில் மணலி:
குழாய்கள், உருண்டைத் தொட்டிகள்,
ராத்திரி பகல் அணையாத ஒரு நெருப்பு நாக்கு.
எங்களைக் கட்டிக்கொடுக்கும்போது
அப்பா ஜாதகம் பார்த்தார்,
மாப்பிள்ளை குடிப்பாரா என்று டீக்கடையில் விசாரித்தார்,
பைப்பில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றுகூடக் கேட்டார்.
காற்று எந்தப் பக்கமிருந்து என்று கேட்கவில்லை.
சுகந்தி என்று பேர் வைத்ததும் அவர்தான்.

பகலில் என் வீட்டுக் கொடியில்
துணியெல்லாம் மேற்கே பார்த்துப் படபடக்கும்,
உப்பும் கருவாட்டு வாசமுமாய்.
பட்டணமே அப்பாடா என்று
சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றும் அந்தக் காற்று
மணலியைத் தாண்டுவதற்குள் வேறொன்றாகிவிடும்.
மாத்தூரில் போய் இறங்கும்போது
அழுகின முட்டை.
சில நாள் சிலிண்டர் கசிகிற மாதிரி;
அவள் அடுப்பை இரண்டு தரம் திருகிப் பார்ப்பாள்.

விடியற்காலை என் முறை.
தேசிங்கு ஃபைபர் போட்டைத் தள்ளுகிற மூன்று மணிக்குக்
கரைக்காற்று கிளம்பும்.
அவருக்கு அது
முதுகில் கைவைத்து வழியனுப்புகிற காற்று.
எனக்கு மூக்கில்.
அந்நேரத்துக்கு விழித்திருந்தால் சுகந்தி கேட்பாள்:
"இங்க நல்லாருக்குக்கா. உனக்கு வந்துடுச்சா?"
"வந்துடுச்சு."
பண்டிகைக்குப் பண்டிகை ஒரே டிபன் கேரியர்
இரண்டு வீட்டுக்கும் போய் வருகிற மாதிரி
பதினெட்டு வருஷமாய்
ஒரே புகையைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.
யாரும் அடுக்கைக் கழுவியதில்லை.

போன மே மாதம், ஒரு செவ்வாய்.
மேல்காற்று விடவில்லை.
பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை.
கன்டெய்னர்களின் இரும்பு வாசம்,
நிழலுக்கு லாரியடியில் படுத்த கிளீனர் பையன்கள்.
அந்நேரத்து மணலி முழுக்க என் தலைமேல்;
கண் எரிந்து சீட்டில் எண்ணைத் தப்பாய் அடித்தேன்.
சுகந்தி கூப்பிட்டாள்.
"இன்னும் திரும்பலியாக்கா?
ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன்.
பகல்ல திறந்து வச்சு எத்தனை நாளாச்சு.
கொஞ்சம் தூங்கட்டுமா?"
தூங்கு என்றேன்.
"உனக்கு ரொம்பவா இருக்கு?"
"ஜலதோஷம்டி. ஒண்ணும் தெரியல."

மூன்று பத்துக்கு
வாசலில் மாட்டிய எலுமிச்சம்பழம் லேசாய் ஆடியது.
புறங்கழுத்தில் ஈரம்.
காலி மேடையில்
பத்து.
இருபது.
ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டேன், போடவில்லை.
மாத்தூர் போய்ச் சேர
இந்தக் காற்றுக்கு எப்படியும் அரைமணி பிடிக்கும்.
நடுவில் கொசஸ்தலை இல்லை, மலை இல்லை,
ஒரு ரயில்வே கேட்கூட இல்லை, நிறுத்திவைக்க.
இருந்தாலும் அரைமணி.
அவள் வாய் லேசாய்த் திறந்து தூங்குவாள், சின்ன வயதிலிருந்தே.

வரிசையில் முதலில் நின்ற லாரியை
ஏறுங்க ஏறுங்க என்று கைகாட்டினேன்.
மேடை அழுந்தியது. எண் நின்றது.
முப்பத்தோராயிரத்து நானூற்று இருபது.
அதில் இருபது யாருடையது என்று
டிரைவர் கேட்கவில்லை.
சீட்டை மடித்துக் காதில் செருகிக்கொண்டு போனார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்:
இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.